மாற்று ஆள்

கட்டாய ராணுவச் சேவை ஒழிந்தது என்ற செய்தி மேல்மேட்டுக்கு வந்துசேர்ந்தபோது நாச்சிமுத்து உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த திரையில் அமைச்சர் ஒருவர் பேசினார். இனிமேல் இந்த நாட்டில் வயது வந்த எவரையும் சட்டம் பிடித்து இழுத்துக்கொண்டு போகாது, விரும்புகிறவர்கள் மட்டும் சேரலாம், இப்போது சேவையில் இருப்பவர்களும் வீட்டுக்குப் போவதா தங்குவதா என்பதை இந்த மாதக் கடைசிக்குள் சொல்லிவிட வேண்டும் என்றார். நாச்சிமுத்துவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. ரவை அடிப்பிடித்து வாசம் வந்தது.

"டேய் சகாயம், அந்தாளு என்னடா சொல்றாரு? ஊட்டுக்குப் போலாங்கறாரா?"

"ஆமாண்ணே. அந்த உப்புமாவ அப்படியே போட்டுட்டுப் போனாலும் கேசு கெடையாதாம்," என்றான் சகாயராஜ். "திங்கச் சொன்னாத்தான் கேசு."

ஹபீபா ஓவென்று கத்திவிட்டு உலகம்மையைக் கட்டிப்பிடித்தாள். உலகம்மையும் சிரித்தாள். நான்கு பேருடைய சந்தோஷமும் ஒன்றாகக் கலந்து நெஞ்சுக்குள் வெதுவெதுவென்று ஏறியது. மலைக்கு வந்த இரண்டு வருடத்தில் அப்படி ஒரு சூடு அவர்களுக்குள் வந்ததில்லை.

அதற்குப் பின்னாலேயே அது வந்தது. கிணற்றுக்குள் விட்ட வாளி தண்ணீரைத் தொடாமல் இறங்கிக்கொண்டே போவதுபோல ஒன்று. ஹபீபாவின் கைகள் தளர்ந்தன. நாச்சிமுத்து அடுப்பை அணைத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

உலகம்மை தலையைக் குனிந்துகொண்டாள். அது தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும்.

மேல்மேடு என்பது வடக்கு எல்லையில் ஒரு மலையின் முதுகு. அங்கே நான்கு பேர் தங்குவதற்கு ஒரு தகரக் கொட்டகை, அதைச் சுற்றிப் பனி, பனிக்கு மேலே எந்நேரமும் பறந்து சுற்றிவரும் காவல் யந்திரங்கள். யந்திரங்கள்தான் பார்க்கும், யந்திரங்கள்தான் சுடும். ஆனால் சுடு என்று ஒரு மனிதர் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான்கு பேர். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஆடு தேடி வருகிறவனும் வருவான், துப்பாக்கியோடு வருகிறவனும் வருவான். திரையில் இரண்டு பேரும் ஒரே மாதிரி ஒரு கறுப்புப் புள்ளிதான். ஒரு தனி மனிதர் அந்தச் சொல்லைச் சொல்லவோ சொல்லாமல் இருக்கவோ நேர்ந்தால் அந்தப் பயமே அவரைத் தின்றுவிடும்.

அதற்காகத்தான் முடிச்சு. காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், அரிசியளவு ஒரு பொருள். அதற்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு. எல்லோரும் முடிச்சு என்றுதான் சொன்னார்கள். பயிற்சி முகாமில் அதைப் பொருத்தியபோது பயிற்சி கொடுத்தவர் விளக்கினார்.

"இது உங்க நெனப்பைக் காட்டாது. பேச்சைக் காட்டாது. மனசு எப்படி இருக்குங்கறதை மட்டும் காட்டும். ஒருத்தருக்கு வர்ற பயம் நாலாப் பிரிஞ்சு நாலு பேருக்கும் போகும். கால் பங்கு பயத்தை யாரும் தாங்குவாங்க. ஆனா ஒண்ணு. இது யாரோடதுன்னு கேட்கக் கூடாது. கேட்டா பேரு கண்டுபிடிச்சுருவீங்க. பேரு கண்டுபிடிச்சா அவனைக் கோழைன்னுருவீங்க. அப்புறம் குழு இல்ல. வர்றது எல்லாருக்கும் பொது. புரிஞ்சுதா?"

உலகம்மைக்கு அந்த வழக்கம் மிகவும் பிடித்துப்போயிற்று. செங்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூரில் அண்ணன் வீட்டில் வளர்ந்தவள் அவள். பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் தொண்டையில் சத்தம் வராது. ஒருநாள் மொத்த வகுப்பும் சிரித்தது. மறுநாள் அவள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அப்படியே நின்றுவிட்டது படிப்பு. பிறகு பின்கட்டு அறையில் உட்கார்ந்து ரவிக்கைகளுக்கு ஊக்கு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். யாரோடும் பேசாமல் பல நாள் கழியும். "இவ ஒரு ஒத்தை மரம்," என்று வருகிறவர்களிடம் மதினி சொல்லுவாள். ஊரும் சொன்னது. சொல்லிச் சொல்லி அவளும் நம்பிவிட்டாள்.

இங்கே பேச வேண்டியதில்லை. வாயே திறக்காமல் மூன்று பேர் கூடவே இருந்தார்கள். தாராபுரத்துக்காரர் நாச்சிமுத்துவுக்கு மகள் பிறந்த செய்தி வந்த அன்று, பிள்ளை பெற்ற பூரிப்பு உலகம்மைக்கும் கால் பங்கு கிடைத்தது. காயல்பட்டினத்து ஹபீபாவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தபோது உலகம்மையும் தேர்வில் வென்றதுபோல இருந்தாள். சகாயராஜ் குமரிக் கடற்கரைக்காரன். அவன் வாயைத் திறந்தால் வீட்டுக் கதைதான். ஆரோக்கியம், தொம்மை, வியாகுலம், மிக்கேல் என்று நான்கு அண்ணன்மார், அவர்கள் பெண்டாட்டிமார், பிள்ளைகள், வள்ளம், வலை, ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புக்கு நடக்கிற அடிதடி. "எங்க வீட்டுல ஒருத்தன் தும்முனா பதிமூணு பேரு திட்டுவாவ கேட்டியா," என்பான்.

நடுநடுவே, காரணமில்லாமல், அந்த வாளி இறங்கும். ஆழத்துக்குப் போகும். நான்கு பேரும் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள். பிறகு சகாயராஜ் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். தன்னால்தான் இவர்களுக்கு இந்தப் பாரம் என்று உலகம்மை உள்ளுக்குள் கூசுவாள். ஆனாலும் மற்ற மூன்று பேரும் அதைச் சுமக்கிறார்களே என்பதில் அவளுக்கு ஒரு சுகமும் இருந்தது. பிறந்ததிலிருந்து அவளுடையதை யாரும் சுமந்ததில்லை.

இப்போது சட்டம் மாறிவிட்டது. மூன்று பேரும் போய்விடுவார்கள். முடிச்சு அவிழ்ந்துவிடும்.

ஆனால் நடந்தது வேறு. ஒரு வாரம் கழிந்தும் யாரும் மூட்டை கட்டவில்லை. "ஒரு வருசம் பாத்துட்டுப் போலாம்னு இருக்கறேன்," என்றார் நாச்சிமுத்து, யார் முகத்தையும் பார்க்காமல். ஹபீபாவும், "நர்சிங் எங்க போவப்போவுது? அடுத்த வருசமும் இருக்கும்," என்றாள். சகாயராஜ், "நான் இல்லாம இந்தப் பனி உருகிராது? நானும் இருக்கேன்," என்றான். அக்கம்பக்கத்து மேடுகளிலும் இதே கதை என்று திரைச் செய்தி சொன்னது. கட்டாயம் போனபிறகும் இளைஞர்கள் தாமாகவே எல்லையில் தங்குகிறார்கள், இதுவல்லவா தேசப்பற்று என்று அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உலகம்மைக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது, ஒரு நாள் மத்தியானம் வரை.

அன்று அவள் திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்து ஊரிலிருந்த மனைவி வஞ்சியோடு திரையில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மாமா, சர்க்காரே போன்னு சொல்லியாச்சு. நீங்க அங்க என்னத்தப் புடிச்சுத் தொங்கீட்டு இருக்கறீங்க?"

"ஒரு வருசம் புள்ள. ஒரே வருசம்."

"பாப்பா நடக்கப் பழகீட்டா. அப்பா எங்கடின்னா செவுத்துல இருக்கற போட்டோவத் தொட்டுக் காட்டறா. அங்க யாரையாச்சும் சேத்துக்கிட்டீங்களா? சொல்லிப்போடுங்க, நான் எங்கப்பன் ஊட்டுக்குப் போயிடறேன்."

"அட ஏம்புள்ள, நீ வேற. எனக்கே வெளங்கலை. கெளம்பலாம்னு நெனைக்கறப்பவெல்லாம் நெஞ்சுல யாரோ கையப் போட்டுப் புடிச்சாப்புல இருக்குது. இங்க ஒருத்தரைத் தனியா வுட்டுப்போட்டு வர்றாப்புல இருக்குது. யாருன்னு கேக்காத. எனக்குத் தெரியாது."

வஞ்சி அழத் தொடங்கினாள். அந்த அழுகை உலகம்மைக்குக் காதில் கேட்டது. நாச்சிமுத்துவின் நெஞ்சு பிளப்பது அவள் நெஞ்சிலேயே தெரிந்தது. இவரைப் பிடித்து வைத்திருப்பது நாடும் இல்லை, சட்டமும் இல்லை. நான்தான் என்று நினைத்தாள். ஆள் பிடிக்க வாரண்டோடு வீட்டுக்கு வந்து நின்ற அந்தக் காலத்துச் சேவைக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவன் வாசலில் நின்று கூப்பிட்டான். நான் உள்ளே நின்று இழுக்கிறேன்.

அடிவாரத்து மருத்துவ முகாமுக்குப் போக வேண்டும், பல்வலி என்று சொன்னாள். பனி வண்டியை ஓட்டச் சகாயராஜ் வந்தான். வழி முழுக்கப் பேசினான். மூத்த அண்ணன் வள்ளத்துக்குப் புதுச்சாயம் அடித்தது, இரண்டாவது அண்ணி அதற்குக் கறுப்புப் பொட்டு வைத்தது, அதைப் பார்த்து மீனெல்லாம் ஓடியது. பாதி வழியில் வண்டியைத் திடீரென்று நிறுத்தினான்.

"பல்லுவலின்னு சொன்னியே மக்களே, கன்னத்த ஒருக்காகூடப் புடிக்கல்லியே?"

உலகம்மைக்குப் பொய் சொல்ல வராது. "முடிச்ச எடுக்கப் போறேன்," என்றாள். "என்னாலதான் யாரும் வீட்டுக்குப் போக மாட்டேங்காவ. நான் எடுத்துட்டா அவுக அவுக மனசுப்படி முடிவு எடுப்பாவ."

சகாயராஜின் கை வண்டியின் பிடியிலேயே இருந்தது. கண்ணாடித் துடைப்பான் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. அப்போது வாளி இறங்கியது. அவ்வளவு ஆழம் ஒருநாளும் போனதில்லை. உலகம்மை இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முடிவை வாய்விட்டுச் சொன்னதால் தனக்கு இப்படி ஆகிறது என்று எண்ணிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்ல காரியம்தான்," என்றான் சகாயராஜ் கடைசியில். "அப்ப எனக்க கதைய கேக்க ஆளு ஒண்ணு கொறையும். டிக்கெட்டு வெலைய ஏத்தணும்."

முகாமில் மருத்துவ அதிகாரி மங்கையர்க்கரசி அவள் சொன்னதை முழுதும் கேட்டார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்த முடிச்சு கட்டாயச் சேவைக்காகச் செஞ்சது. பிடிச்சுட்டு வந்தவங்க ஓடிடாம, ஒடைஞ்சு போகாம இருக்கறதுக்கு. விருப்பச் சேவை வரும்போது இதை என்ன செய்யறதுன்னு யாருமே யோசிக்கலை. நாலு பேரோட மனசையும் ஒண்ணாக் கட்டிவச்சுட்டு, இப்ப உங்க விருப்பத்தைச் சொல்லுங்கன்னா, யாரோட விருப்பம் வெளிய வரும்? நீதான் முதல் ஆளா வந்து சொல்லியிருக்கே. நான் மேல எழுதப்போறேன்."

"எடுத்துட்டா எனக்கு என்ன ஆகும் மேடம்?"

"இதுவரைக்கும் கால் பங்கா இருந்தது முழுசா உன்மேல வந்து உட்காரும். தாங்குவியா?"

உலகம்மை தலையாட்டினாள். தாங்க முடியும் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் வஞ்சியின் அழுகையை இன்னொரு முறை கேட்கவும் அவளால் முடியாது.

வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. ஒரு சின்னக் கீறல், ஒரு தையல். முடிச்சை எடுத்தவர்கள் திரும்பக் காவல் மேட்டுக்குப் போக முடியாது என்பது அப்போதைய விதி. அங்கிருந்தே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வாசலில் சகாயராஜ் அவள் பையைத் தூக்கிக் கொடுத்தான். கையை ஆட்டிச் சிரித்தான். உலகம்மை வழக்கம்போல அவன் மனதைத் தேடினாள். ஒன்றும் வரவில்லை. பல் தெரிந்தது, கன்னத்தில் குழி தெரிந்தது. அவ்வளவுதான். இரண்டு வருடம் கூடவே இருந்தவன் யாரோ ஒருவனைப்போல நின்றான்.

செங்கோட்டை ரயிலில் அவள் பாரத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. ஊசி மருந்தின் மயக்கம் தீரவில்லை போலும் என்று நினைத்தாள். வீட்டில் அண்ணன் மாவு மில்லுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தான். மதினி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பட்டாளத்துக்குப் போனா வாய் வளரும்னாவ. நீ போன மாதிரியே வந்து நிக்கியே ஏட்டி," என்றாள். பின்கட்டு அறை அப்படியே இருந்தது. உலகம்மை ஜன்னலைத் திறந்து வைத்து ஊக்கு தைக்க உட்கார்ந்தாள்.

மழை பெய்தது. நின்றது. எதிர்வீட்டு முருங்கையில் அணில் ஓடியது. மாதங்கள் போயின. அந்த வாளி இறங்கவே இல்லை. தனிமை வந்தது, வராமல் இல்லை. அவள் அளவுக்கு விரித்த பாய் மாதிரி வந்தது. அதில் உட்காரலாம், படுக்கலாம், எழுந்து சுருட்டியும் வைக்கலாம். இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. மூன்று பேரும் இல்லாதது வலித்தது. ஆனால் அது மூன்று பேர் இல்லாத வலி. அடியில்லாத கிணறு இல்லை அது.

மாசிமாதம் ஹபீபா கூப்பிட்டாள். குரலில் சிரிப்பு வழிந்தது.

"நிக்காஹ் பேசி முடிச்சாச்சுடி. படிக்கப் போறதுக்கு மாப்புள வீட்டுலயும் சம்மதம் சொல்லிட்டாஹ. வரலேன்னா பேச மாட்டேன்."

"மேல்மேட்டுல இருந்து எப்ப வந்த?"

"உனக்குத் தெரியாதா? நீ போன மறு வாரமே எல்லா முடிச்சையும் அணைச்சிட்டாஹ. அந்த டாக்டரம்மா எழுதினதுனாலயாம். அணைச்சிட்டுத்தான் விருப்பம் கேட்டாஹ. அம்புட்டுப் பேரும் மூட்டையக் கட்டிட்டு ஓடிட்டோம். உலகு, ஒண்ணு சொல்லணும். நெனச்சு நெனச்சு வெட்கப்படுறேன்."

"சொல்லு."

"கெணத்துக்குள்ள போறாப்புல ஒண்ணு வருமே. அது நீ போன பொறகும் வந்துச்சு. அது என்னோடதுன்னு நெனச்சிருந்தேன். உம்மா மவுத்தாகி அடக்கம் பண்ணினதுலருந்து எனக்குள்ள இருக்குன்னு. முடிச்சை அணைச்சதும் காணோம். தலைச்சுமைய எறக்கி வச்சாப்புல. அப்ப அது என்னோடது இல்ல. உன்னோடதாடி? நீ போன பொறகு எப்புடி வரும்?"

உலகம்மையின் கையிலிருந்த ஊசி விரலில் ஏறியது. அவள் பார்க்கவில்லை.

"என்னோடதும் இல்ல ஹபீபா. நானும் அப்படித்தான் நெனச்சேன். நாச்சிமுத்து அண்ணாச்சியோடதா?"

"நாச்சி காக்காகிட்டக் கேட்டேன். அவங்களுக்கும் அன்னைக்கே போயிட்டாம். புள்ளைய விட்டுட்டு வந்த ஏக்கம்னு நெனச்சாஹளாம்."

ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் பதில் தெரிந்தது. முதலில் ஹபீபாதான் வாயைத் திறந்தாள்.

"சகாயம் வீட்டுக்கு நிக்காஹ் சொல்ல வாப்பாவை அனுப்பினேன். அவன் சொன்ன அந்த ஊரு இல்லடி. அஞ்சாறு வருசம் முன்ன கடல் எடுத்துட்டாம். கோயில் கோபுரத்துச் சிலுவை மட்டும் தண்ணிக்கு மேல தெரியுதாம். அண்ணன்மார் நாலு பேரும் வள்ளத்தைக் காப்பாத்தப் போயிக் கடலோட போயிட்டாஹளாம். அண்ணிமாரு பிள்ளையளோட அவஹவஹ தாய்வீட்டுக்குப் போயிட்டாஹளாம். அவன் தாய் அகதி முகாமுக்குப் போன ரெண்டாம் மாசம் மவுத்து. அந்த ஆளுங்க கதையத்தான் நமக்குச் சொல்லிச் சிரிக்க வச்சிருக்கான்."

"இப்ப எங்க இருக்கான்?"

"அங்கதான். நாங்க இறங்கறப்ப அவன் மட்டும் கையெழுத்துப் போட்டுட்டு நின்னான். ஏன்டான்னு கேட்டா, எனக்குக் கடல் காத்து ஒத்துக்காதுன்னு சிரிச்சான்."

அன்றைக்கே உலகம்மை நாச்சிமுத்துவையும் கூப்பிட்டாள். வெகுநேரம் பேசினாள். அவள் அவ்வளவு நேரம் பேசி மதினி கேட்டதில்லை. வேலையைப் போட்டுவிட்டு வந்து கதவருகே நின்று பார்த்தாள்.

திருநெல்வேலியில் ஆள் சேர்க்கும் அலுவலகம் வெறிச்சோடிக் கிடந்தது. கட்டாயம் இருந்த காலத்தில் வரிசை ரோடு வரைக்கும் நிற்கும் என்று அங்கிருந்த வயதான ஹவில்தார் சொன்னார். இப்போது மின்விசிறிக்கு அடியில் அவர் ஒருவர்தான். அவளைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"உன்னை யாராச்சும் கட்டாயப்படுத்துனாவளா தாயீ? வீட்டுல, வெளியில? கேக்கணும்னு சட்டம்."

"இல்ல."

"முடிச்சு கிடிச்சு எதுவும் காதுல இல்லியே?"

"எடுத்தாச்சு."

"எங்க போகணும்?"

"மேல்மேடு."

ஹவில்தார் கண்ணாடியைக் கழற்றினார். "அது இப்பத் தனிக்காவல்மா. ஆள் இல்ல பாத்துக்கோ. நாலு பேரு இருந்த எடத்துல ஒருத்தரு. முடிச்சும் கெடையாது, பேச்சுத்துணையும் கெடையாது. யாருமே கேக்காத எடம். கேட்டா உடனே கெடைக்கும்."

"அங்க ஒருத்தரு இருக்காவ. அவுககூடச் சேந்து இருக்கலாமா?"

"முடியாது. ஒரு ஆளுதான். நீ போனா அவன் எறங்குவான். மாத்து ஆள் வராம அவன் எறங்கவும் முடியாது. எட்டு மாசமா கெடக்கான் பாவம். உள்ள வாரதுதான் விருப்பம் தாயீ. வெளிய போறதுக்கு இன்னொருத்தனுக்கு விருப்பம் வரணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு மாத்து எப்ப வரும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஒரு வருசமோ, மூணு வருசமோ. நல்லா யோசி. வீட்டுல போயிக் கேட்டுட்டுக்கூட வா."

உலகம்மை யோசித்தாள். மனதுக்குள் ஒவ்வொரு மூலையாகத் தொட்டுப் பார்த்தாள். யாரும் இழுக்கவில்லை. யாருடைய கையும் நெஞ்சைப் பிடிக்கவில்லை. பயம் இருந்தது. அது முழுசாக அவளுடைய பயம்.

"கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்," என்றாள். ஆனால் வீட்டில் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் விஷயம் தெரிந்து அண்ணன் கத்தினான். "சட்டமே வேண்டாம்னு விட்டுட்டு. உனக்கென்னட்டி கிறுக்கா?" உலகம்மை பையில் கம்பளிச் சட்டையை மடித்து வைத்தாள்.

மேல்மேட்டில் பனி வண்டி நின்றபோது தகரக் கதவைத் திறந்துகொண்டு சகாயராஜ் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. மாற்று ஆள் வருகிறார் என்று மட்டும்தான் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். முகத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டு, உடனே சிரித்தான்.

"என்ன மக்களே, பல்லுவலி திரும்ப வந்துட்டா?"

"இல்ல. மாத்துக்கு வந்தேன்."

"போ பிள்ள. ஒன்னை யாரு வரச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

அவனுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. "இங்க ஒனக்குப் பைத்தியம் புடிச்சிரும் கேட்டியா. நான் இந்த யந்திரத்துக்கெல்லாம் பேரு வச்சு வளக்கேன். எனக்க அண்ணன்மாருக்க பேரு. பேரு சொல்லிக் கூப்பிட்டாத்தான் திரும்பி வரும், அப்படிப் பழக்கிட்டேன். நம்பர் சொன்னா காதுலயே வாங்காது. வேண்டாம். நீ இப்பவே இந்த வண்டியில எறங்கிப் போயிரு. நான் இருந்துக்கிடுவேன். எனக்கு என்ன கொறச்சல்?"

"உனக்கு இது ஆகாது சகாயம். எனக்கு ஆகும்," என்றாள் உலகம்மை. "எனக்கு உள்ளது கொஞ்சம்தான். நான் இருந்துக்கிடுவேன்."

அவன் வாயைத் திறந்தான். கேலியாக ஏதோ சொல்ல வந்தது நின்றுவிட்டது.

"கீழ அண்ணாச்சி நிக்காவ," என்றாள்.

"எந்த அண்ணாச்சி?"

"நாச்சிமுத்து அண்ணாச்சி. தாராபுரத்துலருந்து வந்திருக்காவ. வஞ்சி மதினியும் பிள்ளையும் கூட வந்திருக்காவ. அவுக வீட்டுல தெக்குப் பக்கத்து அறையை ஒழிச்சுப் போட்டிருக்காவளாம். உன்னக் கூட்டிட்டுப் போகாம ஊரு திரும்ப மாட்டோம்னு நிக்காவ."

சகாயராஜ் சிரித்த முகத்தோடு நின்றான். அந்தச் சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு உதடு கோணியது. அவன் குனிந்து வண்டியின் பக்கவாட்டில் நெற்றியை முட்டுக் கொடுத்தான். தோள் குலுங்கியது. அந்தத் துக்கத்தில் கால் பங்குகூட உலகம்மைக்கு வரவில்லை. வராததால் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. கிட்டே போய் முதுகில் கை வைக்க வேண்டியிருந்தது. வைத்தாள். வண்டி ஓட்டி வந்தவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சங்கிலியைச் சரிசெய்தார்.

வண்டி இறங்கிப் போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. பனிக்கும் வானத்துக்கும் நடுவில் கோடே இல்லாமல் இருந்தது. யந்திரங்கள் எங்கோ எல்லை ஓரமாகப் போய்விட்டிருந்தன. மேகம் கட்டி வருகிறது, அவற்றை உள்ளே அழைக்க வேண்டிய நேரம் ஆகிவிட்டது.

உலகம்மை வாசலில் நின்று தொண்டையைச் செருமினாள். கேட்கிறதற்கு அங்கே யாரும் இல்லை. சிரிக்கவும் யாரும் இல்லை. ஆனாலும் முதல் பெயர் பாதியில் உடைந்தது. மறுபடி சொன்னாள்.

"ஆரோக்கியம்!"

ஒன்றும் அசையவில்லை.

"தொம்மை! வியாகுலம்! மிக்கேலே!"

வடக்கே பனிமூட்டத்துக்குள் ஒரு புள்ளி திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்று. அவள் இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டிருந்தார்கள்.